நூறு விழுக்காட்டுச் சிவப்பு

சிவப்பில் எத்தனை சிவப்பு என்று கேட்டால் பிறர் நாலைந்து சொல்லி ஓய்ந்துவிடுவார்கள். அந்த அச்சகத்தின் கலர் மாஸ்டர் ஓயமாட்டார். பறித்த பழத்தின் சிவப்பும் மறுநாள் அதே பழத்தின் சிவப்பும் அவர் கணக்கில் இரண்டு. ஞாயிறு மேற்கே தோயும்போது ஒன்று, தோய்ந்து முடித்தபின் ஒன்று. மைக்கத்தியின் நுனியில் கடுகளவு நீலம் தொட்டுக் கண்ணாடிப் பலகையில் குழைத்து, “இப்போ பாருங்க” என்பார். பார்ப்பவர்களுக்கு முன்னதும் பின்னதும் ஒன்றாகவே தோன்றும். அவருக்குத் தோன்றாது. முப்பது ஆண்டுகளாக அந்த மயிரிழை வேற்றுமையில்தான் அவர் குடும்பம் உண்டு உடுத்து வந்தது.

சென்ற ஆண்டு அவருடைய வலக்கண்ணில் புரை அகற்றினார்கள். அன்று தொட்டு முதலாளிக்கு ஓர் ஐயம். வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் வண்ணம் அளக்கும் கருவி ஒன்றின் விளம்பரத்தாள் முதலாளியின் மேசைக் கண்ணாடிக்கடியில் வந்து படுத்துக்கொண்டது. தலைகீழாகப் பார்த்தாலும் அந்தக் கருவியின் படம் மாஸ்டருக்கு நன்றாகவே தெரிந்தது. கண் அவ்வளவு தெளிவாகத்தான் இருந்தது.

அவர் மனைவிக்கு அதே அச்சகத்தில், இடுப்பளவு தடுப்புச் சுவருக்கு அப்பால், பைண்டிங் வேலை. தாள் மடிப்பது, தைப்பது, பசை தடவுவது எல்லாம் அவள் கை. இருபத்திரண்டு ஆண்டுகளில் உடம்புக்கு முடியவில்லையென்று அவள் ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை. அந்தக் குறையை மாஸ்டர் தாமே தீர்த்துவைத்தார். மழை பெய்தால் இருமல், வெயில் அடித்தால் தலைவலி, விருந்துக்குப் போனால் வயிறு. “ஊதினா பறக்கிற மனுஷன், இவரைப் பறக்க விடாம பேப்பர் வெயிட் மாதிரி நான் உக்காந்திருக்கேன்” என்று அவள் சக பெண்களிடம் சொல்வாள்.

அவளுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கட்டிங் மெஷின் அறுத்துத் தள்ளும் ஓரக் கீற்றுகளில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மெல்லுவாள். முதலில் எப்போதாவது, பிறகு நாள் முழுவதும். வழவழப்புத் தாள் ஆகாது. மை உறிஞ்சும் ஒற்றுத்தாள் கிடைத்தால் பெருவிருந்து. இரண்டு ஆண்டுகளாக மாஸ்டர் அவளைக் கரையான் என்றே அழைத்தார்.

“கரையான், இன்னிக்கு எத்தனை பக்கம் ஆச்சு?”

“உங்களை மாதிரி மையை முகர்ந்து வயித்தை ரொப்பிக்க எனக்குத் தெரியாதுங்க.”

அச்சகத்து மாடிப்படியில் பாதி ஏறி நின்று மூச்சு வாங்குவாள். “என்ன நின்னுட்டே?” என்றால், “படிக்கட்டு வளந்துடுச்சு” என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே முன்னால் ஏறிவிடுவார்.

இந்த நிலையில் டாக்டரம்மா ஒரு புத்தகத்தோடு வந்தார். பெரிய மருத்துவமனையில் இரத்த நோய்களைப் பார்ப்பவர். நரைத்த தலை, உரத்த குரல். வீடு வீடாகப் போய்ப் பெண்களின் உடல்நிலை பார்க்கும் ஊழியர்களுக்காக அவர் எழுதிய நூல் அது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையைப் பற்றியது.

“மாஸ்டர், இதுல பாதி கதை, பாதி கருவி. கதையை யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம். கருவிக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்” என்றார்.

கதை நெடியது. தூரதேசத்து மருத்துவர்கள் நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் நிறம் வெளுத்த இளம்பெண்களைக் கண்டு அதற்குக் கன்னியர் நோய் என்று பெயரிட்டார்கள். மணம் முடித்தால் தீரும் என்று மருந்தும் எழுதினார்கள். பின்னொருவர் இரும்புத் தூளை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தார். கன்னங்களில் நிறம் மீண்டது. ஏன் என்று அவருக்கும் தெரியாது. வேறு சிலர் இரத்தத்தைச் சுட்டுச் சாம்பலாக்கி அதற்குள் இரும்பு இருப்பதைக் கண்டார்கள். உலர்ந்த இரத்தப் பொடியின்மேல் காந்தத்தை நீட்டி, துகள்கள் அன்புடையார் போல எழுந்து வந்து ஒட்டியதைப் பார்த்தவரும் உண்டு. இத்தனைக்குப் பிறகும், இரும்பு மாத்திரை உடம்பில் சேராது, நோயாளியின் நம்பிக்கைதான் குணமாக்குகிறது என்று வாதிட்ட அறிஞர்கள் இருந்தார்கள். தோலுக்கடியில் இரும்பை ஊசியால் செலுத்திக் காட்டி ஒருவர் அந்த வழக்கைத் தீர்த்தார்.

தடுப்புச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. “கல்யாணம் பண்ணினா சரியாப்போகும்னு எழுதினாங்களா டாக்டரம்மா? எழுதினவங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்துச்சா?”

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பையிலிருந்து பழைய அட்டை ஒன்றை எடுத்தார். பனி மிகுந்த ஒரு தேசத்து மருத்துவர் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வகுத்த முறை அது. விரல் நுனியில் குத்தி ஒரு துளியை ஒற்றுத்தாளில் இறக்கவேண்டும். ஈர மினுக்கம் அடங்கியதும் அட்டைக்கு அடியில் நகர்த்தவேண்டும். அட்டையில் வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை பத்துச் சிவப்புகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. எந்தத் துளையில் துளியும் அட்டையும் வேறுபாடறக் கலக்கின்றனவோ அதுவே அந்த உடம்பின் இரத்த அளவு. பத்தில் தொடங்கி நூறு வரை.

“இப்போ துல்லியமா அளக்க மெஷின் இருக்கு. ஆனா மெஷின் போகாத வீட்டுக்கு இந்த அட்டை போகும். பழசை நம்பாதீங்க, கறுத்துப்போச்சு. நல்ல ஆரோக்கியமான ஆளோட துளியை வச்சுத்தான் நூறைப் பொருத்தணும். மெஷின்ல அளந்த நாலு பேரை அடுத்த வாரம் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் நூறுல கை வைக்காதீங்க.”

“சரிங்கம்மா” என்றார் மாஸ்டர்.

முதலாளி அவரைத் தனியே அழைத்தார். “இது உயிர் சம்பந்தப்பட்ட வேலை மாஸ்டர். இதுல நிறம் தப்பினா அப்புறம் அந்தக் கருவியை வாங்கறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை. தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. அதனால்தான் அது சுட்டது. மாஸ்டருக்கு ஒரு வாரம் ஓர் ஊழியாக நீண்டது. மூன்றாம் நாள் பகல் உணவு நேரத்தில், ஆரோக்கியமான ஆளுக்கு நான்கு பேரை ஊர்வலமாக அழைத்து வருவானேன் என்று தோன்றிவிட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதா? டாக்டரம்மா மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போன ஊசிப் பொட்டலத்தோடு தடுப்பைச் சுற்றி வந்து மனைவிமுன் நின்றார்.

“கையைக் குடு.”

“அதை இருபத்திரண்டு வருஷம் முன்னாடியே குடுத்தாச்சே?”

“விளையாடாதே. ஒரே ஒரு சொட்டு.”

“இத்தனை வருஷம் உறிஞ்சினது போதலையாக்கும்” என்று சொல்லிக்கொண்டே விரலை நீட்டினாள். விரல் குளிர்ந்திருந்தது. பசைக் கிண்ணத்தில் தோய்ந்த கை குளிராமல் என்ன செய்யும் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

துளி தாளில் இறங்கி வட்டமாய் விரிந்தது. பழைய அட்டையின் நூறுக்கு அருகே வைத்தார். அட்டை அடர்ந்திருந்தது, துளி அவ்வளவு அடரவில்லை. டாக்டரம்மா சொன்னதுபோல் அட்டை எவ்வளவு கறுத்துவிட்டது என்று வியந்தார். பிறகு உலகம் மறைந்தது. கருஞ்சிவப்பைக் குறைத்தார், மஞ்சளை ஒரு பொட்டுச் சேர்த்தார், வெண்மையை ஊட்டினார். நான்காவது குழைப்பில் மையும் துளியும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டன. துளைக்குள் எல்லை தெரியவில்லை. புரை அகற்றிய கண்ணை மூடிப் பார்த்தார். மற்றதை மூடிப் பார்த்தார். எல்லை இல்லை. ஆண்டவனே, என் கண்ணை எனக்கே திருப்பிக் கொடுத்தாய் என்று நெஞ்சுக்குள் தொழுதார். அந்த நூறிலிருந்து கீழே ஒன்பது படிகளையும் இறக்கி, இருநூறு அட்டைகள் அச்சடித்து, துளையிட்டு உலரவைத்தார்.

டாக்டரம்மா சொன்ன நாளில் நான்கு செவிலியர்களோடு வந்தார். அடுக்கியிருந்த அட்டைகளைக் கண்டு புருவம் உயர்த்தினார்.

“நான் வர்றதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?”

“நீங்களே சோதிச்சுப் பாருங்கம்மா” என்றார் மாஸ்டர், கைகட்டி நிமிர்ந்து நின்று.

முதல் செவிலியின் துளி நூறுக்குள் அடங்கவில்லை. வெளிறிய வானத்தில் இட்ட பொட்டுப்போலத் துளை நடுவே கறுத்து நின்றது. இரண்டாமவள் துளியும் அப்படியே. மூன்றும் நான்கும் அதே கதை.

“மாஸ்டர், உங்க நூறு ஐம்பது, ஐம்பத்தஞ்சுலதான் நிக்குது” என்றார் டாக்டரம்மா.

“மை காய்ஞ்சா நிறம் இறங்கும்ல? அதுவா இருக்குமோ?” என்று முதலாளி முட்டுக்கொடுக்கப் பார்த்தார்.

“காய்ஞ்சா எவ்வளவு இறங்கும்னு தெரியாமலா முப்பது வருஷம் மை குழைச்சேன்?”

“இல்ல மாஸ்டர்… கண்ணு…”

“கண்ணுக்கு ஒண்ணுமில்லைங்க!”

டாக்டரம்மா ஓர் அட்டையை எடுத்து ஆட்டினார். “கோபப்படாதீங்க. இந்த அட்டை வெளியே போனா என்ன ஆகும் தெரியுமா? பாதி ரத்தத்தோட நடமாடுறவளைப் பார்த்து, ‘நீ நூத்துக்கு நூறு நல்லா இருக்கே, போய் வேலையைப் பாரு’ன்னு சொல்லும். அவளும் போய்ப் பார்ப்பா. விழுற வரைக்கும் பார்ப்பா.”

மாஸ்டருக்குக் காது மடல் எரிந்தது. “நர்சம்மாங்க எல்லாம் ஆஸ்பத்திரிச் சத்துல வளந்தவங்க. என்னைப் பாருங்க. நோஞ்சான்னா அகராதியில என் படம்தான். என் துளி இந்த அட்டையில எழுபதைத் தாண்டாது. இப்பவே காட்டுறேன்” என்று சொல்லி, ஊசியை எடுத்துத் தம் விரலில் தாமே குத்திக்கொண்டார்.

துளி விரிந்தது. மினுக்கம் அடங்கியது. எழுபதில் வைத்தார், துளி மீறியது. எண்பது, தொண்ணூறு. நூறிலும் அது நிறைந்து வழிந்து, செவிலியரின் துளிகளோடு தோளுக்குத் தோள் நின்றது.

ஒரு செவிலி வாயைப் பொத்திச் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. “எதை வச்சு நூறைப் பொருத்தினீங்க மாஸ்டர்? யாரோட துளி?”

மாஸ்டரின் முகம் மெல்லத் திரும்பியது. தடுப்புக்கு அப்பால் அவள் தாள் மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கீற்று உதட்டோரம் தொங்கியது. சன்னல் வெளிச்சம் முகத்தில் முழுதாக விழுந்தது. நாள்தோறும் பார்க்கும் முகம். நிறத்தொழிலில் ஒரு நெறி உண்டு: நினைவை நம்பாதே, மாதிரியை அருகே வைத்துப் பார். அந்த முகத்துக்கு அவரிடம் மாதிரி இல்லை. நாளுக்கு ஒரு மயிரிழையாக வெளுத்த நிறம் அது. அவர் கண்ணும் அதனோடேயே நாளுக்கு ஒரு மயிரிழை இறங்கி வந்திருக்கிறது. ஆயிரம் சிவப்பு அறிந்தவன் வீட்டில் ஒரு சிவப்பு மெல்லக் கசிந்து போயிருக்கிறது.

“கண்ணு சரியாத்தான் இருந்திருக்கு போல” என்று முதலாளி தமக்குள் முணுமுணுத்தார். ஓராண்டாக அந்தச் சொல்லுக்காக ஏங்கியவர் மாஸ்டர். இப்போது அது வந்து சேர்ந்தபோது, ஐயோ, கண் தவறாக இருந்திருக்கக் கூடாதா என்று அவர் உள்ளம் கையேந்தியது.

டாக்டரம்மா அதற்குள் தடுப்பைக் கடந்துவிட்டார். அவள் கீற்றை மறைத்தாள், பள்ளிக்கூடத்தில் அகப்பட்ட சிறுமியைப்போல.

“வாயில என்னம்மா?”

“சும்மா… பேப்பர்தான். வாய் சும்மா இருக்கக் கூடாதுன்னு.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம் இருக்கும். இவர்கூடக் கரையான்னுதான் கூப்பிடுவார்.”

மாஸ்டர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா அவளுடைய கீழிமையைக் கட்டைவிரலால் இறக்கிப் பார்த்தார். உள்ளே சிவந்திருக்க வேண்டிய இடம் சங்கின் உட்புறம்போல இருந்தது.

“என் புத்தகத்தோட ஏழாவது அத்தியாயத்தை நீங்கதானே மடிச்சீங்க? ரத்தத்துல இரும்பு குறைஞ்சவங்க மண்ணு, கரி, சுண்ணாம்பு, பனிக்கட்டின்னு தின்னுவாங்கன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கேனே, படிக்கலையா?”

“படிச்சேனே! பாவம் அந்தப் பொண்ணுங்கன்னு நினைச்சேன். ஆனா அதுங்க கண்டதையும் இல்ல தின்னுச்சுங்க? நான் சுத்தமான காகிதம்.”

“அதான் எனக்கு வந்த ப்ரூஃப்ல ஏழாவது அத்தியாயத்துக்கு மட்டும் ஓரமே இல்லையா?”

“படிச்சுக்கிட்டே தின்னுட்டேன் டாக்டரம்மா. அவ்வளவு நல்லா எழுதியிருந்தீங்க.”

இம்முறை எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மாசத்துல எத்தனை நாள்?”

அவள் கணவனை ஒருமுறை பார்த்தாள். “பத்து. சில மாசம் பன்னிரண்டு. வயசு ஆகுதுல்ல, இப்படித்தான் இருக்கும்னு…”

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்றார் மாஸ்டர்.

“உங்களுக்கு இருமல் கேக்கவே நேரம் சரியா இருந்துச்சு. நீங்க படுக்காம நான் எப்படிப் படுக்கிறது?” அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அது வேடிக்கையாகப் போய்ச் சேரவில்லை என்று கண்டதும், “அட, விடுங்க, நானும்தான் சொல்லலை” என்று அவர் முழங்கையைத் தட்டினாள்.

டாக்டரம்மா பெருமூச்செறிந்தார். “இந்த நோயோட வரலாறே இதுதான். காதல்னாங்க, கனவுன்னாங்க, கதைப்புத்தகம் படிக்கிறதாலன்னாங்க. நம்ம பழைய பாட்டுலயும் பொண்ணு வெளுத்தா தலைவன் பிரிஞ்சு போனான்னுதான் பழி. எத்தனை நாள்னு உக்காந்து கேட்டவங்க ரொம்பக் கொஞ்சம்.”

“என் தலைவர் எங்கயும் போகலையே, இங்கயேதானே மை குழைச்சுக்கிட்டு இருந்தார்?” என்றாள் அவள்.

“அதான் இது புது மாதிரி. பக்கத்துல இருந்தே வந்த பசலை.”

மறுநாள் மருத்துவமனையில் இயந்திரம் ஹீமோகுளோபின் எட்டு என்று சொன்னது. பன்னிரண்டுக்குமேல் இருக்கவேண்டும்; அட்டையின் நூறுக்குப் பதினைந்து கணக்கு. பெருமைப்படக் கூடாத விதத்தில் மாஸ்டரின் அட்டையும் இயந்திரமும் ஒத்துப்போயின. கருப்பையில் ஒரு கட்டி இருந்தது. அது எப்படிப்பட்டதென்று தெரிய ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். அந்த ஒன்பது நாளும் மாஸ்டர் இருமவில்லை. இருமல் வந்தால் விழுங்கினார். மாடிப்படியில் அவளுக்குப் பின்னால் ஏறினார்; அவள் நின்ற படியில் தாமும் நின்று, வராத மூச்சை வாங்கினார்.

“நடிக்காதீங்க. உங்க ரத்தம் நூறைத் தாண்டிப் போறதை ஊரே பார்த்துச்சு.”

“அது அட்டையோட தப்பு.”

“அட்டை நான்தானே? அப்போ என் தப்பா?”

அவர் கண் கலங்கிவிட்டது. அவள் தன் முந்தானை நுனியை அவரிடம் நீட்டினாள். “புரை எடுத்த கண்ணு, கசக்காதீங்க.”

கட்டி கெடுதியற்றது என்று பத்தாம் நாள் தெரிந்தது. இரத்தம் ஏறியதும் அகற்றிவிடலாம். அதுவரை இரும்பு மாத்திரை. தேநீரோடு விழுங்கக் கூடாது, அது இரும்பைத் தடுத்துவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்தார். மலம் கறுத்துப்போகும், பயப்படவேண்டாம் என்றும் சொன்னார்.

“பரவாயில்லை. மைக்காரர் வீட்டுல அதுவும் அச்சுமை நிறத்துல இருக்கட்டும்” என்றாள் அவள். டாக்டரம்மாவின் சிரிப்பு நடைவழிவரை கேட்டது.

செவிலியர் நால்வரும் மீண்டும் வந்தார்கள். இம்முறை அவர்கள் துளிகளை வைத்தே நூறு பிறந்தது. பிழைபட்ட இருநூறு அட்டைகளும் வெட்டும் இயந்திரத்துக்குப் போயின. மாஸ்டர் முதலாளியின் அறைக்குத் தாமே சென்றார்.

“அந்தக் கருவியை வாங்கிடுங்க.”

முதலாளி விழித்தார். “உங்க கண்ணுலதான் குறையே இல்லையே?”

“கண்ணுல இல்லைங்க. அளந்த ஆளை வச்சுப் பொருத்துன்னு சொன்னதைக் கேக்காம, எனக்குத் தெரிஞ்ச ஆள்தானேன்னு அளக்காம நம்பினேன் பாருங்க, அங்கதான் குறை.”

மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் ஒரு காலை. கட்டிங் மெஷின் ஒற்றுத்தாளை அறுத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு விருப்பமான தாள். மாஸ்டர் தடுப்பின்மேல் சாய்ந்து, பாராதவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பழக்கத்தில் ஒரு கீற்றை எடுத்து வாயில் போட்டாள். இரண்டு முறை மென்றாள். நின்றாள். உள்ளங்கையில் துப்பி, அதை உற்றுப் பார்த்தாள்.

“என்னங்க இது, வெறும் காகிதமால்ல இருக்கு!”

“பின்னே வேற என்னவா இருக்கும்?”

“இதுக்கு முன்னாடி இப்படி இல்லைங்க…” என்று அவள் வருத்தத்தோடு சொன்னாள், நெடுநாள் தோழி ஊரைவிட்டுப் போனதைச் சொல்வதுபோல. மாஸ்டர் விரைந்து தம் மேசைக்குத் திரும்பிக்கொண்டார். முகத்தில் இருந்ததை யாரும் அளப்பதை அவர் விரும்பவில்லை.

வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பியதாகச் சொன்ன இருநூறில் ஒன்று குறைவு. அந்த ஒன்று மாஸ்டரின் இழுப்பறையில், வெளிச்சம் படாமல், கறுப்புத் தாள் உறைக்குள் இருந்தது. அதன் பின்புறம் அவளுடைய முதல் துளியை ஒட்டித் தேதியிட்டிருந்தார். துளி பழுத்துப் பழுப்பாகிவிட்டது. ஆனால் அதனோடு பொருத்திய மை அந்த நாளை அப்படியே வைத்திருந்தது. அவர் கையிலிருந்த ஒரே மாதிரி அதுதான். மாதம் ஒருமுறை பகல் உணவுக்குப் பின் ஊசிப் பொட்டலத்தோடு வருவார். அவள் விரலை நீட்டுவாள். முதல் மாதமே துளி அந்த நூறைத் தாண்டிவிட்டது. நான்காம் மாதம், கட்டி அகற்றி வீடு திரும்பி அவள் வேலைக்கு வந்த வாரத்தில், துளை நடுவே கருஞ்சிவப்பாய்த் திரண்டு நின்றது.

“இதுக்கு மேல இந்த அட்டை பத்தாது” என்றார் மாஸ்டர். “டாக்டரம்மாவோட சரியான அட்டைக்கு மாறிடலாம்.”

“இதை என்ன பண்றது?”

“என்கிட்டயே இருக்கட்டும். நீ மறுபடி இந்த நிறத்துக்கு வந்தா எனக்குத் தெரியணும்.”

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதன் ஒரு முனையைப் பல்லருகே கொண்டுபோனாள்.

“ஏய், ஏய்!”

“சும்மா” என்று சொல்லி அதை அவர் சட்டைப்பையில் செருகினாள். “கரையான் செத்துப்போச்சு. வேற பேரு வைங்க.”

மாஸ்டர் யோசித்தார். சிவப்புக்குச் சொல் தேடித் தவிப்பது அவர் வாழ்வில் அதுவே முதல் முறை. அவர் தேடி முடிப்பதற்குள் அவள் மடித்த தாள்களை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள், பாதிப்படியில் நில்லாமல்.